பேணித் தகடும் போர்த் தாங்கியும்



ஒரு மில்லிமீற்றரின் ஏழில் ஒரு பங்கைப் பற்றி இன்று உங்களோடு சிறிது நேரம் பேச விரும்புகின்றேன். நாம் நாள்தோறும் எழுதும் தாளின் கனம் ஏறக்குறைய ஒரு மில்லிமீற்றரில் பத்தில் ஒரு பங்கு. அப்படியான தாளில் ஒன்றரைத் தாளின் கனம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இத்துணை மெல்லிய ஒரு பொருளைப் பற்றிப் பேசுவதற்கு என்ன இருக்கிறது என்று நீங்கள் கேட்கலாம். சில ஆண்டுகளுக்கு முன் என்னிடம் யாராவது இவ்விதம் பேசியிருந்தால் நானும் அதையேதான் கேட்டிருப்பேன்.

மாத்தளை மாவட்டத்திலே அரசினர் பாடசாலை ஒன்றின் அதிபராகப் பணியாற்றி வருகின்றேன். நான் கற்றது தமிழும் வரலாறும். இயந்திரங்களோடு எனக்கு இருந்த உறவு, பேருந்தில் ஏறுவதும் இறங்குவதும் என்ற அளவிலேயே நின்றது. அப்படிப்பட்ட எனக்கு இந்த ஏழில் ஒரு பங்கைக் கற்பித்தவன் ஒன்பதாம் தரத்தில் படித்த ஒரு மாணவன். இறப்பர்த் தோட்டத்திலே பால்வெட்டும் தொழிலாளி ஒருவரின் மகன்.

கண்டியிலே தொடங்கி எங்கள் மாத்தளை நகரினூடாகத் தம்புள்ளை, வவுனியா, கிளிநொச்சி என்று வடக்கே செல்வது ஏ9 வீதி. அந்த வீதியால் ஒருமுறை மாணவரை யாழ்ப்பாணத்துக்குக் கல்விச் சுற்றுலா அழைத்துச் சென்றோம். ஆனையிறவை அடைந்தபோது வாகனத்தை நிறுத்தினோம். வீதியோரத்தில், மேலெல்லாம் இரும்புத் தகடு போர்த்திய பெரிய புல்டோசர் ஒன்று அங்கே நிற்கிறது. 1991 யூலையில் ஆனையிறவு முகாமைக் கைப்பற்ற விடுதலைப் புலிகள் தொடுத்த போரிலே முன்செலுத்தப்பட்ட வாகனம் அது. மண்ணை வாரும் யந்திரத்துக்குக் கவசம் பூட்டிப் போர்க்களத்துக்கு அனுப்பியிருக்கிறார்கள். அதைத் தடுக்க ஏறிச்சென்று உயிர்நீத்த காமினி குலரத்ன என்ற படைவீரரின் நினைவாக அது இன்றும் அங்கே வைக்கப்பட்டிருக்கிறது. அந்தப் போரில் இரு திசையிலும் மாண்டவர்கள் தாய்மார் பெற்ற பிள்ளைகளே. நான் மாணவரைச் சற்று நேரம் மௌனமாக நிற்கச் சொன்னேன். அந்த மௌனத்தின் முடிவிலே இந்த மாணவன் என்னருகே வந்து, “சேர், இந்தத் தகடு எத்தனை மில்லிமீற்றர்?” என்று கேட்டான். எனக்குச் சினம் வந்தது. நின்ற இடத்தின் கனம் அறியாமல் தகட்டின் கனத்தைக் கேட்கிறானே என்று எண்ணினேன். விடை சொல்லாமல் வாகனத்தில் ஏறச் சொன்னேன்.

அடுத்த மாதம் ஒருநாள், பாடவேளையில் வகுப்பறைகளைப் பார்த்துக்கொண்டு சென்றபோது, அதே மாணவன் மேசைக்கடியிலே கத்தியால் ஏதோ கீறிக்கொண்டிருக்கக் கண்டேன். கத்தியையும் அவனுடைய பையையும் வாங்கினேன். பையிலே ஒரு சாண் நீளத்துக்கும் சிறிது குறைந்த பிளாஸ்ரிக்கு யுத்தத் தாங்கி ஒன்றும், சோடாப் பேணியிலிருந்து வெட்டிய தகட்டுத் துண்டுகள் பலவும் இருந்தன. கணிதத்திலே பின்னங்களைச் செய்யத் தெரியாமல் தவறிய பிள்ளைக்குத் தகரம் வெட்டும் விளையாட்டு எதற்கு என்று கடிந்து, எல்லாவற்றையும் என் அலுமாரியில் வைத்துப் பூட்டினேன். தந்தையை அழைத்து வரும்படியும் சொன்னேன்.

தந்தை காலையில் பால்வெட்டு முடித்து, கையிலே இறப்பர்ப் பாலின் மணம் மாறாமல் வந்தார். மகனுக்காக அவர் அதிகம் வாதாடவில்லை. “ஐயா, அவன் என்ன செய்யிறான்னு எனக்கு வெளங்காது. ஆனா, அளக்காம எதையும் வெட்ட மாட்டான். அது ஒண்ணுதான் எனக்குத் தெரியும்,” என்றார். முப்பது ஆண்டுகளாகக் கற்பிக்கும் நான் அந்தப் பிள்ளையிடம் காணாத ஒன்றை, எழுத்துக் கூட்டிப் படிக்கும் அந்தத் தந்தை கண்டிருந்தார். அன்று மாலை மாணவனை அழைத்து, அலுமாரியைத் திறந்து, “தம்பி, இது என்ன என்று எனக்குச் சொல்லிக்கொடு,” என்றேன்.

நேயர்களே, அவன் சொன்னதையும், அவன் தூண்டியதால் நான் பின்னர் தேடிப் படித்ததையும் சேர்த்துச் சொல்கின்றேன்.

இரண்டாம் உலக யுத்தத்திலே ஜேர்மனியர் பெருந்தொகையாகப் பயன்படுத்திய தாங்கிகளுள் ஒன்று நான்காம் இலக்கப் பன்ஸர். அதன் பக்கச் சுவரின் கவசம் 30 மில்லிமீற்றர் கனமான உருக்கு. சோவியத் காலாட்படையினரிடம் 1941 இல் உருவாக்கப்பட்ட தாங்கியெதிர்ப்புத் துப்பாக்கிகள் இருந்தன. டெக்ற்யாரெவ் என்பவர் அமைத்தது ஒன்று, சீமொனொவ் என்பவர் அமைத்தது மற்றொன்று. டெக்ற்யாரெவின் துப்பாக்கி ஆளுயரத்துக்கும் நீண்டது. அதன் சன்னத்தின் விட்டம் 14.5 மில்லிமீற்றர். அருகே பதுங்கியிருந்து சுட்டால் தாங்கியின் பக்கச் சுவரை அது துளைத்துவிடும். சுவரை இன்னும் கனமாக்கினால் தாங்கியின் பாரம் ஏறும். பாரம் ஏறினால் யந்திரம் இளைக்கும், சேற்றிலே சக்கரம் புதையும். ஆகவே 1943 இல் வேறொரு வழி கண்டார்கள். உடலிலிருந்து சற்று எட்ட, சக்கரங்களையும் மறைக்குமாறு, மெல்லிய உருக்குத் தகடுகளைத் தொங்கவிட்டார்கள். உடலின் பக்கத்தில் 5 மில்லிமீற்றர்த் தகடு. மேலே சுழலும் கோபுரத்தைச் சுற்றி 8 மில்லிமீற்றர்த் தகடு. இவற்றுக்கு ஜேர்மனியர் இட்ட பெயர் ‘ஷூர்ட்ஸன்’. சமையல் செய்வோர் உடையின்மேல் கட்டிக்கொள்ளும் முன்சீலையைக் குறிக்கும் சொல் அது. நாம் பாவாடைத் தகடு என்று சொல்லிக்கொள்ளலாம்.

முப்பது மில்லிமீற்றரைத் துளைக்கும் சன்னத்தை ஐந்து மில்லிமீற்றர் எவ்வாறு தடுக்கும்? தடுக்காது. துளைபட்டே போகும். ஆனால் துளைத்து வெளிவரும் சன்னம் முன்போல நேர்கோட்டிலே செல்வதில்லை. அது தடுமாறும், சரியும், சிலவேளை உடையும். நடுவிலுள்ள வெற்றிடத்தைக் கடந்து உள்சுவரில் படும்போது முனையாற் படாமல் பக்கத்தாற் படும். ஊசியை நுனியால் ஊன்றினால் தடித்த துணியையும் துளைக்கும். அதே ஊசியைப் படுக்கையாக வைத்து அழுத்தினால் துணி மடங்குமேயன்றித் துளைபடாது. இங்கே வேலை செய்வது தகடு மாத்திரமன்று. தகட்டுக்கும் சுவருக்கும் இடையேயுள்ள வெளியும் சேர்ந்தே வேலை செய்கிறது.

இதிலே என் அறியாமை ஒன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். பசூக்கா போன்ற குவிவெடி ஆயுதங்களைத் தடுக்கவே இந்தத் தகடுகள் பூட்டப்பட்டன என்று எங்கோ படித்த நினைவிலே நான் அவனுக்குச் சொன்னேன். பல நூல்களிலும் இவ்விதமே எழுதியிருக்கிறார்கள். அவன் மறுத்துப் பேசவில்லை. இரண்டு நாள் கழித்து, “சேர், பரிசோதனை செய்தது தாங்கியெதிர்ப்புத் துப்பாக்கியையும் பீரங்கியின் வெடிகுண்டையும் வைத்துத்தானாம்,” என்று தயங்கித் தயங்கிச் சொன்னான். தேடிப் பார்த்தேன். 1943 பெப்ரவரியில் நடத்திய சுடுபரிசோதனை அவ்விதமே அமைந்திருந்தது. பிற்காலத்தில் எழுந்த கதையை நான் காரணம் என்று கொண்டுவிட்டேன். வரலாறு கற்பிக்கும் ஒருவன் ஒன்பதாம் தரத்து மாணவனிடம் வரலாற்றுத் திருத்தம் பெற்ற நாள் அது. அதைச் சொல்வதில் எனக்கு வெட்கமில்லை.

இனி அந்த ஏழில் ஒரு பங்குக்கு வருவோம்.

தாங்கி மாதிரியுருக்களைச் செய்வோர் பெரும்பாலும் கைக்கொள்ளும் அளவு முப்பத்தைந்தில் ஒன்று. 1960களின் தொடக்கத்தில் யப்பானியத் தமியா நிறுவனம் வெளியிட்ட பந்தர்த் தாங்கியின் மாதிரியுருவோடு பரவிய அளவு அது. உள்ளே மோட்டாரும் மின்கலங்களும் அடங்க வேண்டும் என்று பார்த்தபோது தற்செயலாக அமைந்த அளவு என்கிறார்கள். அந்த அளவிலே 1.75 மீற்றர் உயரமான மனிதன் 5 சென்ரிமீற்றர் ஆகின்றான். 5.9 மீற்றர் நீளமான பன்ஸர் 17 சென்ரிமீற்றருக்குச் சற்றுக் குறைவாகின்றது. 5 மில்லிமீற்றர்த் தகட்டை 35 ஆல் வகுத்தால் வருவது ஏழில் ஒன்று, அதாவது 0.14 மில்லிமீற்றர்.

இந்த மாணவனுக்குக் கொழும்பிலுள்ள மாமன் ஒருவர் கொடுத்தது, யாரோ பாதி செய்து கைவிட்ட பழைய மாதிரியுரு. பாவாடைத் தகடுகளில் இரண்டு மாத்திரமே எஞ்சியிருந்தன. அவை ஏறக்குறைய ஒரு மில்லிமீற்றர் கனமுள்ள பிளாஸ்ரிக்கு. அச்சிலே வார்க்கும் பிளாஸ்ரிக்கு மிகவும் மெலிந்தால் எங்கும் சரிவர நிரம்பாது. ஆகவே ஓரளவு தடிப்பு வேண்டியிருக்கிறது. ஆனால் ஒரு மில்லிமீற்றரை 35 ஆல் பெருக்கினால் என்ன வரும்? 35 மில்லிமீற்றர்! தாங்கியின் மெய்யான பக்கச் சுவரே 30 மில்லிமீற்றர்தான். உடலைவிட உடை தடித்துவிட்டது. “அது பொய், சேர்,” என்றான் மாணவன். பின்னம் தெரியாதவன் என்று நான் முடிவு செய்திருந்த பிள்ளை சொன்ன வார்த்தை இது.

புதிய உதிரிப் பாகங்களை வாங்க அவனுக்கு வழியில்லை. 2022 இல் நம் நாட்டைப் பிடித்த பொருளாதார நெருக்கடியின்போது அப்பியாசக் கொப்பி வாங்குவதே பல வீடுகளில் பெரும்பாடாக இருந்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். வெளிநாட்டு விளையாட்டுப் பொருளைப் பற்றி எவர் நினைத்தார்? அவன் வீதியோரத்தில் கிடந்த சோடாப் பேணிகளைப் பொறுக்கினான். அந்த அலுமினியத்தின் கனத்தை எவ்வாறு அறிந்தாய் என்று கேட்டேன். பத்துத் துண்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, அடிமட்டத்தில் வைத்துப் பார்த்து, வந்ததைப் பத்தால் வகுத்தேன் என்றான். அவனை விஞ்ஞான ஆய்வுகூடத்துக்கு அழைத்துச் சென்று, நுண்மானித் திருகுக்கணிச்சியைக் கையிலே கொடுத்தோம். பேணித் தகடு 0.10 என்று காட்டியது. முகம் சற்று வாடினான். பிறகு யோசித்து, “இரண்டு பக்கமும் வர்ணம் பூசினால் கூடும்,” என்றான். ஆய்வுகூடத்து ஆசிரியர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன்.

வேலை நடக்கும் விதத்தையும் சொல்லவேண்டும். வீட்டிலே செய்ய விரும்பும் பிள்ளைகள் பெரியவர் ஒருவரை அருகே வைத்துக்கொண்டே தொடங்குக. பேணியின் வெட்டுவாய் சவர அலகைப் போன்றது. முதலில் பேணியின் மேலையும் அடியையும் நீக்கி, நடுத்தகட்டை விரித்து, அது சுருளும் திசைக்கு எதிராகப் போத்தலால் உருட்டிச் சமப்படுத்த வேண்டும். மேலுள்ள நிறத்தை மெல்லிய அரத்தாளால் தேய்த்துவிட்டால் பின்னர் பூசும் வர்ணம் நன்றாகப் பிடிக்கும். தகட்டின் உருவத்தைத் தாளில் அளவுப்படி வரைந்து, வெட்டி, மாதிரியுருவின் மேல் வைத்துப் பார்த்து, பொருந்திய பின்னரே அலுமினியத்தில் ஒட்ட வேண்டும். கத்தரிக்கோலால் வெட்டினால் ஓரம் முறுகும். உருக்கு அடிமட்டத்தை அணைத்துக் கத்தி முனையால் நாலைந்து முறை மெதுவாகக் கீறி, கீறிய கோட்டிலே முன்னும் பின்னும் மடித்தால் தகடு தானே பிரியும். ஓரம் நூல் பிடித்தாற்போல நேராக இருக்கும்.

மெய்யான தாங்கியிலே இந்தத் தகடுகள் பக்கத்துச் சட்டமொன்றிலே கொளுவப்பட்டிருந்தன. வேண்டும்போது தூக்கிக் கழற்றலாம். கோபுரத்தைச் சுற்றிய தகட்டிலே, உள்ளிருப்போர் வெளியேறும் வாயிலுக்கு நேராகச் சிறு கதவுகளும் உண்டு. சட்டத்துக்கு மாணவன் பழைய மின்கம்பியின் செப்பிழையை எடுத்தான். கொளுக்கிகளுக்குத் தாள் தைக்கும் கம்பி ஊசி உதவியது. ஆணித்தலைகளுக்காக, பழைய கொப்பியின் மேல் தகட்டைக் கவிழ்த்து வைத்து, மழுங்கிய ஊசியால் பின்புறத்தில் மெல்ல அழுத்தினான். முன்புறத்தில் சிறு புடைப்புகள் எழுந்தன. பிளாஸ்ரிக்குப் பசை உலோகத்தில் ஒட்டாது. சுப்பர் குளூ எனப்படும் உடனொட்டுப் பசையே வேண்டும். அதன் ஆவி கண்ணுக்கும் மூக்குக்கும் ஆகாது. யன்னலைத் திறந்து வைத்தல் அவசியம்.

மெல்லிய உலோகத்துக்கு இன்னொரு நன்மையும் உண்டு. அது வளையும். போர்க்களத்துப் புகைப்படங்களைப் பார்த்தால், மரத்தில் உராய்ந்தும் மதிலில் இடித்தும் இந்தத் தகடுகள் நெளிந்திருக்கும். சில கழன்று விழுந்து இடைவெளி தெரியும். பிளாஸ்ரிக்கை நெளிக்க முடியாது. பேணித் தகட்டை விரலால் அழுத்தினாலே போதும், மெய்யான தகடு நெளிந்தது போலவே நெளியும். பொருளின் குணம் அறிந்து வேலை செய்தல் என்பது இதுதான்.

எங்கள் மாவட்டத்துக்கு இது புதிய பாடமன்று. மாத்தளையை அடுத்த ஹபுவிட என்னும் கிராமத்துச் சிங்களக் கைவினைஞர், இளக்கிய அரக்கை மெல்லிய இழைகளாக இழுத்து, விரல் நகத்தாலே கிள்ளி ஒட்டி, பிரம்பிலும் சிமிழிலும் சித்திரம் செய்வர். மலைநாட்டின் அரக்கு வேலையைப் பற்றி 1908 இல் வெளியான தம் பெருநூலிலே எழுதியவர் நம் கலாயோகி ஆனந்த குமாரசுவாமி. மாசிமகத்தன்று முத்துமாரியம்மன் கோயிலின் ஐந்து தேர்களும் வீதிக்கு வரும்போது, மேலே அசையும் சீலைகளையே நாம் பார்க்கின்றோம். அச்சும் சக்கரமும் மரப்பொருத்தும் அளவு பிசகாமல் இருப்பதாலன்றோ அந்தத் தேர் நகருகின்றது? நகத்தின் அளவும் தேரின் அளவும் அளவுதான். அதை மதிக்கும் கை எங்கே இருந்தாலும் நாம் மதிக்க வேண்டும்.

இவ்வளவும் சரி, யுத்தத்தால் இத்துணை துன்புற்ற நாட்டிலே ஒரு பிள்ளை யுத்தத் தாங்கியைச் செய்யலாமா? பாடசாலைக் கண்காட்சிக்கு அதை வைக்க முனைந்தபோது எங்கள் ஆசிரியை ஒருவர் இதையே கேட்டார். போரிலே உறவினரை இழந்தவர் அவர். அவருடைய கேள்வியை இலேசாகத் தள்ளிவிட நான் விரும்பவில்லை. மாதிரியுரு, போரின் பணியாளாக நின்ற காலமும் உண்டு. 1942 இல் அமெரிக்கக் கடற்படை, எதிரி விமானம் எது, நட்பு விமானம் எது என்று கண்டறியும் பயிற்சிக்காக, எழுபத்திரண்டில் ஒன்று என்ற அளவிலே ஐந்து இலட்சம் விமான மாதிரியுருக்களைச் செய்து தரும்படி உயர்பாடசாலை மாணவரையே கேட்டது. ஆகவே இது வெறும் விளையாட்டு என்று சொல்லி நான் தப்பிக்கொள்ள முடியாது.

ஆசிரியையின் கேள்வியை அந்த மாணவனிடமே கேட்டேன். அவன் நெடுநேரம் பேசாமல் இருந்தான். பிறகு, “இதற்குள்ளே ஐந்து பேர் இருப்பார்கள், சேர். தலைவர், சுடுபவர், குண்டு நிரப்புபவர், சாரதி, வானொலிக்காரர். தகட்டைச் செய்கிறபோதுதான் அவர்கள் எவ்வளவு மெல்லிய இடத்தில் இருந்தார்கள் என்று தெரிந்தது. ஆனையிறவிலும் அதற்காகத்தான் கேட்டேன்,” என்றான்.

நேயர்களே, அன்று அந்த வீதியோரத்திலே கனத்தை அறியாமல் நின்றவன் எவன் என்பதை அப்போது உணர்ந்தேன். நான் மௌனத்தாலே செலுத்த நினைத்த மரியாதையை அவன் மில்லிமீற்றராலே செலுத்தியிருந்தான். போரைப் பெருமையாகப் பேசுபவர் கவசத்தின் கனத்தைக் கேட்பதில்லை. அந்தக் கனத்தைக் கணக்கிட்டவனுக்கோ அதன் உள்ளே இருப்பவன் கண்ணுக்குத் தெரிகின்றான். ஆசிரியைக்கு இந்த விடை முழு ஆறுதல் தந்தது என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் மாதிரியுருவின் அருகே வைக்கும் குறிப்பை எழுதிக் கொடுத்தவர் அவரே. தகட்டின் கனமும், உள்ளிருந்தோர் தொகையும் மாத்திரம் அதில் இருந்தன.

மெல்லிய தகட்டையும் இடைவெளியையும் கொண்டு காக்கும் இந்த உபாயம் போர்க்களத்தோடு நின்றுவிடவில்லை. 1947 இல் அமெரிக்க வானியலறிஞர் பிரெட் விப்பிள், விண்கலத்தை நுண்கற்களினின்று காப்பதற்கு வெளியே மெல்லிய தகடொன்றை எட்ட நிறுத்தலாம் என்றார். வேகமாக வரும் துகள் அதிலே மோதிச் சிதறி, வலுவிழந்தே உள்ளே வரும். 1986 மார்ச்சு 14 ஆந் திகதி ஹலி வால்வெள்ளியின் கருவுக்கு 600 கிலோமீற்றருக்கும் உட்பட்ட தூரத்தில் சென்ற ஐரோப்பிய விண்கலம் ஜியோட்டோ, 1 மில்லிமீற்றர் அலுமினியத் தகட்டையும், 25 சென்ரிமீற்றர் இடைவெளியையும், அதன்பின் 12 மில்லிமீற்றர் கெவ்லார்த் திரையையும் கவசமாகக் கொண்டு சென்றது. இதைச் சொன்னபோது மாணவனின் கண்கள் விரிந்தன. ஒரு மில்லிமீற்றர் என்றதும், “இது மெய்யான ஒரு மில்லிமீற்றரா, மாதிரியுருவின் ஒரு மில்லிமீற்றரா?” என்று கேட்டான். மெய்யானதுதான் என்றேன்.

ஆசிரிய அன்பர்களுக்கும் பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள். உங்கள் பிள்ளை ஒரு மூலையில் அமர்ந்து பேணியையோ மட்டையையோ வெட்டிக்கொண்டிருந்தால், அதைப் பிடுங்குமுன் ஒரு கேள்வி கேளுங்கள்: “இதற்கு என்ன அளவு?” பிள்ளைக்கு விடை தெரியாவிட்டால் சேர்ந்து அளந்து பாருங்கள். தெரிந்திருந்தால், அங்கே ஒரு பாடசாலை ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கிறது என்று அறிந்து, நீங்களும் அதிலே மாணவராக அமருங்கள்.

அந்தப் பிள்ளை அடுத்த தவணையில் பின்னக் கணக்கிலே தேறினான். பெரும் புள்ளி எடுத்தான் என்று சொல்ல முடியாது, தேறினான். தாங்கியைக் கண்காட்சி முடிந்ததும் வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டான். பேணித் தகட்டுத் துண்டொன்று மாத்திரம் என் மேசையிலே இருக்கின்றது. மாணவரைக் கடிந்துகொள்ள எழும்போதெல்லாம் அதை ஒருமுறை விரலாலே தொட்டுப் பார்த்துக்கொள்கிறேன்.